கார் ஏசியில் குளிர் இல்லையா, ஹீட்டரில் சூடு இல்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை வெயில் ஏறியதும் ஏசி கடைகளில் வண்டிகள் வரிசை கட்டும். பாதிப் பேருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "கேஸ் கம்மியா இருக்கு சார், ஏத்திடலாம்." சில வண்டிகளுக்கு அது சரியான பதில். பல வண்டிகளுக்கு இல்லை. கடைக்குப் போகும் முன் வண்டிக்காரரே கவனித்துவிடக்கூடிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை ஒட்டி வரும் கேள்விகள் இவை.

ஏசி சரியில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

காற்றே குறைவாக வருகிறதா, அல்லது காற்று நன்றாக வந்தும் குளிர் இல்லையா? முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு. காற்று குறைவு என்றால் கோளாறு பெரும்பாலும் டேஷ்போர்டுக்குள் இருக்கும்: ஃபில்டர், காற்றைத் தள்ளும் ப்ளோயர், காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயில். காற்று இருந்தும் குளிர் இல்லையென்றால் பெரும்பாலும் பானெட்டுக்குள் தேட வேண்டும்.

அடுத்தது, எப்போது குறைகிறது? நிற்கும்போதா, ஓடும்போதா, கிளம்பி ஒரு மணி நேரம் கழித்தா, மதியத்தில் மட்டுமா, ஒரு பக்கம் மட்டுமா? "ஏசி சரியில்லை" என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவிட்டு வந்தால் மெக்கானிக் ஊகத்தில்தான் ஆரம்பிப்பார். "சிக்னலில் நின்றால் மட்டும் சூடாகிறது" என்று சொன்னால் அவர் நேராக ஃபேன் பக்கம் போவார்.

எவ்வளவு குளிர் வந்தால் சரி என்று எடுத்துக்கொள்வது?

கையை நீட்டிப் பார்த்துச் சொல்வது நம்பகமில்லை. கம்பி முனை வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை முழுக் குளிரில் வைத்து, உள்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும் ரீசர்குலேஷன் பட்டனை அழுத்தி, ப்ளோயரை நடுத்தர வேகத்தில் விடுங்கள். இன்ஜின் 1500 ஆர்பிஎம் அளவில் 10 நிமிடம் ஓடட்டும். பிறகு நடு வென்ட்டில் கம்பியைச் செருகிப் பாருங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது வென்ட்டில் 7 முதல் 12 டிகிரி வந்தால் வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 15-ஐத் தாண்டினால் ஏதோ இருக்கிறது. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்தை உறிஞ்சவே ஏசியின் சக்தியில் ஒரு பங்கு போய்விடும். அங்கே இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டினால் பயப்பட வேண்டாம்.

அக்னி நட்சத்திர மதியத்தில் வெட்டவெளியில் நின்ற வண்டிக்குள் 60 டிகிரி வரை ஏறியிருக்கும். அதில் ஏறி உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு எழுதக்கூடாது. கண்ணாடிகளை இறக்கிச் சிறிது தூரம் ஓட்டிச் சூட்டை வெளியேற்றிவிட்டு, பிறகு ஏற்றி ரீசர்குலேஷன் போடுங்கள். ரீசர்குலேஷன் பட்டனைத் தொடாமலேயே வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. 40 டிகிரி வெளிக்காற்றை இடைவிடாமல் உள்ளே இழுத்து அதைக் குளிர வைக்கச் சொன்னால் எந்த ஏசியும் திணறும்.

ப்ளோயரை முழு வேகத்தில் வைத்தும் காற்று பலமாக வரவில்லை. ஏன்?

பெரும்பாலும் உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும். கையுறைப் பெட்டியைக் கழற்றினால் பெரும்பாலான வண்டிகளில் அதன் பின்னாலேயே இருக்கும். கழற்ற எந்தக் கருவியும் தேவைப்படாது. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது எடுத்துப் பாருங்கள். மண் சாலையில் ஓடும் வண்டி என்றால் இன்னும் சீக்கிரம். தட்டிவிட்டு இரண்டு முறை போடலாம். அதற்கு மேல் புதிது வாங்கிவிடுவது நல்லது.

நம் நாட்டில் விற்கும் சில அடிப்படை மாடல்களில் ஃபில்டரே வைப்பதில்லை. இடம் இருக்கும், உள்ளே காலியாக இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் கூலிங் காயிலே ஃபில்டர் வேலையையும் பார்க்கும். காயில் எப்போதும் ஈரமாக இருப்பதால் தூசி படிந்து சேறாக அப்பிக்கொள்ளும். அதைக் கழற்றிக் கழுவ டேஷ்போர்டில் பாதியைப் பிரிக்க வேண்டியிருக்கும். சில நூறு ரூபாய் ஃபில்டரை இன்றே வாங்கிப் போட்டுவிட்டால் அந்தச் செலவு மிச்சம்.

வேப்ப மரத்தடியிலோ புங்க மரத்தடியிலோ நிற்கும் வண்டிகளில், முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடை வழியாகச் சருகு உள்ளே போய்ச் சேரும். வாரக்கணக்கில் நின்ற வண்டியாக இருந்தால் ப்ளோயருக்குள் எலிக்கூடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கூட்டோடு கடித்த ஒயரும் கிடைக்கும்.

இன்னொன்று: கையால் திருகும் வகை ஏசியில் ப்ளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடி, 1, 2, 3-ல் ஓடவில்லையென்றால் ப்ளோயர் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. மலிவான சாமான். இதற்காக மோட்டாரையே மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கிளம்பும்போது அருமையாக இருக்கிறது. ஒரு மணி நேரம் ஓட்டியதும் காற்று குறைந்து நின்றே போகிறது.

கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. பழைய ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் ஐஸ் மண்டுவது போலத்தான். காற்று புக வழியில்லாமல் போகிறது. ஏசியை அணைத்துவிட்டு ப்ளோயரை மட்டும் 10 நிமிடம் ஓட விடுங்கள். காற்று திரும்ப வந்து, வண்டிக்கு அடியில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் சொட்டினால் சந்தேகமே வேண்டாம். காயில் உறைநிலையை நெருங்கும்போது கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லும் சென்சார் ஒன்று உண்டு. அது பழுதாகியிருக்கலாம், அல்லது இருந்த இடத்திலிருந்து நழுவியிருக்கலாம். அடைத்துப்போன ஃபில்டரும் இதே வேலையைச் செய்யும். கேஸ் குறைந்திருந்தாலும் காயிலின் ஒரு பகுதி மட்டும் உறைவதுண்டு.

நெடுஞ்சாலையில் சில்லென்று இருக்கிறது, சிக்னலில் நின்றால் சூடான காற்று வருகிறது.

மிகவும் பழகிய புகார் இது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சர்தான் உள்ளே இருந்து எடுத்த சூட்டை வெளியே விட வேண்டும். வண்டி ஓடும்போது எதிர்காற்று அந்த வேலையைச் செய்துவிடும். நிற்கும்போது ஃபேன் செய்ய வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து பாருங்கள். விரலையும் துண்டு நுனியையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் ஏசி போட்ட சில வினாடிகளிலேயே ஃபேன் சுற்றும். சிலவற்றில் கண்டன்சரில் அழுத்தம் ஏறிய பிறகு சுற்றும். இரண்டு மூன்று நிமிடமாகியும் சுற்றாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் என்று அந்த வரிசையில் போகலாம். சுற்றினாலும் மந்தமாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். கார்பன் தேய்ந்த மோட்டார் ஓடுவது போல் தெரியும், காற்றைத் தள்ளாது.

ஃபேன் நன்றாக இருந்தால் கண்டன்சரின் முகத்தைப் பாருங்கள். பூச்சி, மண், பாலிதீன் பை என எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் கன்னைக் கிட்டத்தில் பிடித்து அடிக்க விடாதீர்கள். மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும்.

கம்ப்ரசர் வேலை செய்கிறதா என்று நானே பார்க்க முடியுமா?

காந்தத்தால் பிடித்து விடும் கிளட்ச் வைத்த கம்ப்ரசர் என்றால் முடியும். ஏசி பட்டனைத் தட்டியதும் 'டக்' என்று சத்தம் வரும், பெல்ட் சுற்றும் புல்லியின் முகப்புத் தகடும் சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். சுற்றவே இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, கிளட்ச் காயில் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கேஸ் மிகவும் குறைந்திருந்தாலும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை ஓட விடாது. சில வினாடிகளுக்கு ஒருமுறை டக், டக் என்று போட்டுப் போட்டு அணைந்தால் கேஸ் குறைவு என்பதற்கான அடையாளம் அது. புதிய வண்டிகள் பலவற்றில் கொள்ளளவைத் தானே கூட்டிக் குறைக்கும் கம்ப்ரசர் இருக்கிறது; அவற்றில் சிலவற்றில் கிளட்சே கிடையாது, எனவே சத்தம் வராததைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

நீண்ட தூரம் ஓடிய பிறகு குளிர் போய், வண்டியை அரை மணி நேரம் நிறுத்தி எடுத்தால் திரும்ப வருகிறதா? கிளட்ச் தகட்டுக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கலாம். கிளட்ச் காயில் சூடானதும் காந்த இழுப்பு குறைந்து தகட்டைப் பிடிக்க முடியாமல் விட்டுவிடும். ஷிம் எனும் மெல்லிய வளையத்தை எடுத்து இடைவெளியைச் சரிசெய்தால் பல வண்டிகளில் தீர்ந்துவிடுகிறது. கம்ப்ரசரையே மாற்றச் சொல்லும் கடைகளும் உண்டு.

சாலையோரக் கடைகளில் ஒரு வித்தை செய்வார்கள்: பிரஷர் சுவிட்ச் ஒயரை நேரடியாக இணைத்து "இப்ப ஓடுது பாருங்க" என்பார்கள். கம்ப்ரசருக்கு வேண்டிய ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றிவருகிறது. கேஸ் இல்லாமல் ஓட்டினால் ஆயில் திரும்ப வராமல் உள்ளே உராய்ந்து கம்ப்ரசர் போய்விடும்.

"கேஸ் தீர்ந்துடுச்சு" என்கிறார்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரித் தீருமா?

தீராது. அது எரிவதில்லை, செலவாவதும் இல்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் தண்டின் சீல் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது இயல்பு; ஆனால் அது தெரிய வரப் பல வருடம் ஆகும். போன கோடையில் ஏற்றி இந்தக் கோடையில் மறுபடி குறைந்திருந்தால் அதற்குப் பெயர் லீக். லீக்கைத் தேடாமல் கேஸ் ஏற்றுபவர், அடுத்த கோடைக்கும் உங்களை வாடிக்கையாளராக வைத்துக்கொள்கிறார்.

லீக் வழக்கமாக எங்கே இருக்கும்? லாரி தெறித்த கல் பட்ட கண்டன்சர், குழாய் இணைப்புகளில் இருக்கும் ஓ-ரிங், கம்ப்ரசர் தண்டு சீல், ஹோஸ் மடிப்பு, கேஸ் ஏற்றும் வால்வின் ஊசி, கண்ணுக்குத் தெரியாத கூலிங் காயில். ஈசிஆர் பக்கம் குடியிருப்பவர்களின் வண்டியில் உப்புக்காற்று அலுமினியத்தை அரிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கசியும். குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரிந்தால் சந்தேகம் அங்கேதான். சோப்பு நுரை, நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது, புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் கலப்பது எனத் தேடும் வழிகள் பல. நைட்ரஜனுக்குப் பதில் சாதாரணக் காற்றுக் கம்ப்ரசரால் ஏற்றுகிறார்களா என்று ஒரு கண் வையுங்கள். அதில் ஈரம் உள்ளே போகும்.

லீக்கை அடைத்த பிறகு குறைந்தது அரை மணி நேரம் வாக்கம் போட வேண்டும், அதாவது உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப்பால் உறிஞ்சி எடுக்க வேண்டும். உள்ளே அழுத்தம் இறங்கும்போது தங்கிய ஈரம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகி வெளியேறும். ஈரம் மிஞ்சினால், கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து வழியை அடைக்கும், நாளடைவில் அமிலமாகி உலோகத்தையும் அரிக்கும். பிறகு கேஸை எடை போட்டு ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சிறிய கார்களுக்கு அரைக்கிலோவுக்குள்தான் இருக்கும். கேஸ் கூடினாலும் குளிர் குறையும். "சார், கொஞ்சம் எக்ஸ்ட்ரா போட்டிருக்கேன்" என்றால் அது உபகாரம் இல்லை.

அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிக் காட்டுகிறார்கள். அந்த எண்களை எப்படிப் படிப்பது?

நீலம் லோ பக்கம் (குறைந்த அழுத்தம்), சிவப்பு ஹை பக்கம் (அதிக அழுத்தம்). வெளியே 35 டிகிரி, கிளட்ச் வகைக் கம்ப்ரசர் 1500 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்றால் நீலத்தில் ஏறக்குறைய 30 முதல் 45 பிஎஸ்ஐ, சிவப்பில் 200 முதல் 275 வரை எதிர்பார்க்கலாம். வண்டிக்கு வண்டி மாறும்.

இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கேஸ் கூடுதல், அல்லது கண்டன்சரில் காற்றோட்டம் இல்லை. கண்டன்சரில் தண்ணீர் ஊற்றியதும் சிவப்பு இறங்கிக் குளிர் கூடினால் ஃபேன் பக்கம் போங்கள். நீலம் அதிகம், சிவப்பு குறைவு என்றால் கம்ப்ரசர் தேய்ந்திருக்கிறது, அழுத்த முடியவில்லை. நீலம் பூஜ்யத்துக்குக் கீழே வாக்கம் பக்கம் போனால் வழியில் அடைப்பு, பெரும்பாலும் எக்ஸ்பான்ஷன் வால்வில்.

இன்ஜினை அணைத்துவிட்டுக் கேஜைப் பார்த்து "கேஸ் ஃபுல்லா இருக்கு" என்பவரை நம்ப வேண்டாம். உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருந்தாலே, அணைந்து ஆறிய வண்டியில் அழுத்தம் வெளி வெப்பத்துக்கு ஏற்ப நிற்கும்: 30 டிகிரியில் சுமார் 97 பிஎஸ்ஐ, 35-ல் சுமார் 115. பாதி கேஸ் இருந்தாலும் முழுசாக இருந்தாலும் அதே எண்தான்.

எந்த கேஸ் போட வேண்டும்?

ஸ்டிக்கரில் எழுதியிருப்பது. இங்கே ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஆர்134ஏ. அதற்கு முந்தைய ஆர்12, ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி கைவிடப்பட்டது. சில புதிய வெளிநாட்டு மாடல்களில் ஆர்1234ஒய்எஃப் இருக்கிறது. மாற்றி ஏற்றிவிடக்கூடாது என்பதற்காகவே அதன் வால்வு வாய் வேறு அளவில் இருக்கும். மலிவு விலை கேனில் எரியக்கூடிய எல்பிஜி வகை வாயு கலந்து வருவதுண்டு. குளிர் நன்றாகவே வரும், அதனால்தான் ஆபத்து தெரிவதில்லை. லீக் ஆனால் அது சூடான இன்ஜின் பக்கமோ கேபினுக்குள்ளோ வரும். சீல் பிரிக்காத கேனைக் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள்.

நீங்களே கேஸ் ஏற்றப் பார்க்க வேண்டாம். ஆர்134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் திரவம். தோலில் பட்டால் உறைபுண், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

ஒரு பக்கம் குளிர், மறு பக்கம் சூடு. டேஷ்போர்டுக்குள் டிக் டிக் சத்தம்.

சூடு, குளிர் காற்றைக் கலக்கும் மடலை ஆட்டும் சிறு மோட்டாரில் பல்சக்கரம் உடைந்திருக்கும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வெப்பம் வைக்கும் வண்டிகளில் கேஸ் குறைந்தாலும் இப்படி ஒரு பக்கம் மட்டும் சூடாக வரலாம், ஆனால் டிக் டிக் இருக்காது.

இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறது.

ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. கீழிருந்து மெல்லக் குத்திவிட்டால் கொட்டிவிடும். தண்ணீர் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையுடன் இருந்தால் அது ஏசித் தண்ணீர் இல்லை. ஹீட்டர் காயில் லீக்காகி, இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் வருகிறது.

ஏசி போட்டதும் ஈரத்துணி நாற்றம்.

ஈரமான காயிலில் பூஞ்சை. வீடு வந்து சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓட்டுங்கள், காயில் காய்ந்துவிடும். வாசனை டப்பா மாட்டினால் இரண்டு வாசனை வரும், அவ்வளவுதான்.

ஊட்டிக்குப் போனோம். ஹீட்டர் போட்டால் வெதுவெதுப்புக் கூட இல்லை. சமவெளியில் தெரியவே இல்லையே?

ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. இன்ஜினில் சூடான கூலன்ட் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் காயில் வழியாகப் போய்வருகிறது, அதன் மேல் காற்று பட்டு உள்ளே வருகிறது. அதனால் ஹீட்டர் கோளாறு பெரும்பாலும் இன்ஜின் கூலிங் கோளாறுதான். சமவெளியில் ஹீட்டரை யாரும் போடாததால் மறைந்தே கிடக்கும்.

இன்ஜின் வெப்ப முள்ளைப் பாருங்கள். 20 நிமிடம் ஓட்டியும் நடுவுக்கு வராமல் கீழேயே கிடந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று பழைய வண்டிகளில் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம் மெக்கானிக்குகளிடம் உண்டு. 82 முதல் 90 டிகிரி வரை இன்ஜின் சூடாகும் வரை கூலன்டைத் தடுத்து வைப்பதுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டால் ஹீட்டர் மட்டுமல்ல, மைலேஜும் அடிபடும்.

முள் சரியாக நின்றால், இன்ஜின் பக்கமிருந்து டேஷ்போர்டுக்குள் போகும் இரண்டு ஹோஸ்களையும் துணி சுற்றிய கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடு என்றால் காயில் வரை சூடு வந்துவிட்டது, சூடு, குளிர் காற்றைக் கலக்கும் மடல்தான் திறக்கவில்லை. ஒன்று சூடு, மற்றது ஆறி இருந்தால் காயில் அடைப்பு. கூலன்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீர் ஊற்றியே ஓட்டிய வண்டிகளில் உப்பும் துருவும் சேர்ந்து இப்படி ஆகும். இரண்டும் ஆறியிருந்தால் கூலன்ட் அங்கே போகவே இல்லை: அளவு குறைவு, ஏர்லாக் (குழாய்க்குள் காற்று சிக்கிக்கொள்வது), அல்லது யாரோ ஒருவர் ஏசி நன்றாக வரட்டும் என்று ஹீட்டர் லைனை பைபாஸ் செய்திருக்கிறார். டேஷ்போர்டுக்குள் களகளவென்று தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் ஏர்லாக். வண்டி ஓடும்போது சூடு வந்து, நிற்கும்போது போய்விட்டால் கூலன்ட் குறைவு அல்லது வாட்டர் பம்ப் பலவீனம். எதற்காகவும் சூடான இன்ஜினின் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. அந்த மடல் முழுதாக மூடாவிட்டால் ஹீட்டர் சூடு ஏசிக் காற்றில் கலக்கும். கேஸ், கம்ப்ரசர் எல்லாம் சரியாக இருந்தும் குளிர் வராத வண்டிகளில் இதைத்தான் கடைசியில் கண்டுபிடிப்பார்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பின் ஏசியை அணைத்து, திருகை முழுக் குளிர்ப் பக்கம் வைத்து, வெளிக்காற்றில் ப்ளோயரை ஓட்டுங்கள். வரும் காற்று வெளிக்காற்றைவிட மிகவும் சூடாக இருந்தால் மடலையும் அதன் கேபிளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மழையில் கண்ணாடி மூடிக்கொள்கிறது. ஏசியா ஹீட்டரா?

விரலால் உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள். அழிந்தால் ஈரம் உள்ளே. ஏசியைப் போட்டுக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, ரீசர்குலேஷனை எடுத்துவிடுங்கள். அழியாவிட்டால் ஈரம் வெளியே. வைப்பரைப் போட்டு, குளிரைக் குறைத்து, கண்ணாடியில் காற்றடிப்பதை நிறுத்துங்கள்.

கம்ப்ரசர் போய்விட்டது. அதை மட்டும் மாற்றினால் போதுமா?

சீல் போனதா, உள்ளே நொறுங்கியதா என்று கேளுங்கள். நொறுங்கியிருந்தால் உலோகத் துகள் குழாய் முழுவதும் பரவியிருக்கும். குழாய்களைக் கழுவி, ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்ற வேண்டும். இப்போதைய கண்டன்சர்களின் மெல்லிய துளைகளுக்குள் சிக்கிய துகளைக் கழுவி எடுப்பது கடினம் என்பதால் அதையும் மாற்றச் சொல்வது ஏமாற்று இல்லை. டிரையர் மாற்றிய பில் இல்லாவிட்டால் புதிய கம்ப்ரசருக்கு வாரன்டி மறுக்கப்படுவதும் உண்டு.

மின்சாரக் காருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ஃபில்டர், ஃபேன், கண்டன்சர், லீக் எல்லாம் பொருந்தும். பெல்ட்டும் கிளட்சும் கிடையாது; கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடும். ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் கையை வைக்காதீர்கள். இன்ஜின் சூடு இல்லாததால் ஹீட்டருக்கு மின்சார வெப்பமூட்டியோ ஹீட் பம்ப்போ இருக்கும், இரண்டுமே பேட்டரியில்தான் ஓடும். டொராண்டோ குளிரில் ஓட்டும் நம்மவர்களுக்கு ரேஞ்ச் குறைவதில் பெரும்பங்கு இதனால்தான். பல மாடல்களில் பேட்டரியைக் குளிர வைப்பதும் இதே ஏசிதான் என்பதால், ஏசி பலவீனமானால் ஃபாஸ்ட் சார்ஜிங் வேகமும் குறையலாம்.

ஆயில் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சாதாரணக் காரின் ஏசியில் ஊற்றும் பேக் (PAG) ஆயில் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. பெரும்பாலான மின்சாரக் கம்ப்ரசர்களுக்குக் கடத்தாத பிஓஇ (POE) வகை ஆயில்தான் வேண்டும். முந்தைய வண்டிக்குப் பயன்படுத்திய மெஷின் ஹோஸில் மிஞ்சிய கொஞ்சம் பேக் ஆயில் கலந்தாலே இன்சுலேஷன் கோளாறு காட்டி ஏசியோ வண்டியோ நின்றுவிடலாம். "எல்லா ஆயிலும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லும் கடையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.